மீரான் வண்டியோடு பேசினான்

1962, ஆடி மாதம், சனிக்கிழமை இரவு.

மீரானை நினைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வரவில்லை. என் பட்டறைக்கு எதிர்ப் பட்டறைக்காரன். இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஏன் என்று எழுத இப்போது மனமில்லை.

இன்று பட்டறைக்கு வந்த செங்கோட்டை டாக்டரின் மோட்டார் சைக்கிளுக்குக் கம்பெனி கிளட்ச் கிடைக்கவில்லை. மதுரையில் வாங்கிய வேறு கிளட்சை மாட்டினேன். நாளை அவர் ஆரியங்காவு மலையேறிப் புனலூர் போகவேண்டும். ஆனால் கிளட்சைப் பிடித்தாலும் வண்டி நிற்காமல் முன்னால் இழுத்தது. திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். மட்டச் சரக்கு என்று சத்தமாகத் திட்டினேன்.

சாரலில் நனைந்தபடி மீரான் ரோட்டைத் தாண்டி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. கிளட்ச் பெட்டி எண்ணெயை விரலில் தேய்த்துவிட்டு வண்டியிடம் சொன்னான்: "உன் கிளட்சுல ஒரு குத்தமும் இல்ல. மலையேறணும்னு கெட்டி எண்ணெயை ஊத்திருக்காவ. தட்டெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிடுது. லேசான இஞ்சின் ஆயில் போதும்."

நான் ஊற்றியிருந்த எண்ணெயை வடித்து மாற்றினேன். கிளட்சைப் பிடித்தவுடன் வண்டி அடங்கி நின்றது.

டாக்டர் வந்து, ஏன் இவ்வளவு நேரம் என்றார். நான் வாய் திறக்குமுன் மீரான் முந்திக்கொண்டான்: "புது கிளட்சுலா சார், பதம் பாத்துத்தான் குடுக்கணும். அவன் வேலை சுத்தமா இருக்கும்."

என்ன மனுஷன்! நானாக இருந்தால் எதிரே நின்று வேடிக்கை பார்த்திருப்பேன்.

டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீரானும் கிளம்பினான். நான் கையிலிருந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

அவன் நின்றான். டப்பாவை உற்றுப் பார்த்தான்.

"சீனி கம்மியா போடச் சொல்லு" என்றான், அதனிடமே.