எரிச்ச வெளி

2025 மே 4, ஞாயிறு

பூங்காவில் நெருப்புப் பிடித்தது எந்த வருடம் என்று சுஜீவன் கேட்டான். இங்கே இத்தாலியில் உலகக் கிண்ணப் பந்தாட்டம் நடந்த வருடம் என்றேன். பவோரிற்றாப் பூங்காவை ஒட்டிய மைதானத்தில் எகிப்துக்காரர் விளையாடினார்கள். சீட்டு இல்லாத நாங்கள் மதிலுக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டோம். அந்த ஆனியில்தான் ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியது. அப்படியென்றால் தொண்ணூறு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, போன் எழுதுகிறது. பேத்தி றெபேக்கா பழக்கிவிட்டாள்.

பங்குக் கோவிலில் ஞாயிறு நடைக்குழுவை நடத்துகிறவன் சுஜீவன். பூங்காவுக்குத் தமிழில் ஒரு வரைபடம் செய்கிறான். பாதைகள், தண்ணீர்க் குழாய், கிரிக்கெட் விளையாடும் இடம், சாந்தா றொசாலியா கோவிலுக்கு மலையேறும் வழி, எல்லாவற்றுக்கும் இரண்டு வரி வரலாறு. நாப்போலியிலிருந்து தப்பி ஓடிவந்த ராசா வேட்டைக்கென்று அடைத்த காணியாம் இது. அப்ப முதல் அகதி அவர்தான் என்றேன். சிரித்தான், எழுதவில்லை.

பிறகு எரிச்ச வெளி எப்படி எரிந்தது என்று கேட்டான். வழக்கம்போலச் சொன்னேன். எங்களோடு வந்த அருளையா அண்ணை சிகரெட்டை அணைக்காமல் எறிந்தார், பைன் மரங்கள் பற்றின. அன்றைக்கு நின்றவர்களில் வேறு யார் இருக்கிறார்கள் என்றான்.

ஒருவரும் இல்லை என்றேன்.

மே 11, ஞாயிறு

வரைபடத்தை விரித்து, விரலை வைத்து வாசித்துக் காட்டினான். 'அருளையா எரிச்ச வெளி.' பெரிய எழுத்தாம். ஐந்நூறு பிரதி அடிக்கப்போகிறார்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். இது போகாதே. அந்த மனுசன் செத்துப் பன்னிரண்டு வருடம்.

மே 12

உள்ளதைச் சொல்கிறேன். போன் எழுதட்டும்.

அன்று ஓகஸ்ட் பதினைந்து, மடு மாதா திருநாள். ஊரில் என்றால் மடுக் காட்டில் கொட்டில் போட்டு ஒரு கிழமை இருப்போம். போனவுடன் முதல் வேலை மரத்தடியைக் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்துவது. பாம்பு, பூச்சி அண்டாது. அந்த வருடம் மடுவுக்கு அகதிகள்தான் போனார்கள். இங்கே நாங்கள் ஐந்து பேர் பூங்காவில் செபமாலை சொல்லி, கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டோம். நான், அருளையா அண்ணை, அவருடைய மனுசி, ஸ்ரீபன், மொரீசியஸ்காரன் ஜான்-பியேர்.

சாப்பிட்டு முடிய நான் ஒரு கொப்பை முறித்து இடத்தைக் கூட்டினேன். குவித்தேன். கொளுத்தினேன். துப்புரவாக இருக்கட்டும் என்றுதான். பைன் சருகு மண்ணெண்ணெய் மாதிரி என்று எனக்கு என்ன தெரியும்? ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக்காற்று வேறு. பதினொரு மரம் போச்சு.

காவலாளிகள் ஓடிவந்தார்கள். என்னிடம் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, இல்லை. அருளையா அண்ணை என் கையிலிருந்த நெருப்புப்பெட்டியைப் பறித்தார்.

"நீ வாயைத் திறவாதை. உன்னைப் பிடிச்சால் பிளேன் ஏத்திவிடுவாங்கள். அங்கை போய்ச் சாகவோ? என்ரை சிகரெட் எண்டு சொல்லுறன்."

குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, அவர் போனார். வேலைசெய்த வீட்டுச் சிஞ்ஞோரா அவரை வேலையால் நிற்பாட்டினா. எங்கள் சனம் காடெரிச்சான் என்று பேர் வைத்தது. ஆறு வருடத்தில் எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அதற்குப் பிறகு என்ன பயம்? ஏன் சொல்லவில்லை? சொல்லாதது மட்டுமா — எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் என்று. நானும் சொன்னேன். சிகரெட்டின் மார்க்கைக்கூடச் சேர்த்துச் சொன்னேன். பாவி.

மே 15

சொல்லவென்று போனேன். பல்லாரோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை. இதை நான் நினைக்கவே இல்லை.

"நீங்கள் நல்ல மனுசன் அப்பு. செத்த சிநேகிதனைக் காப்பாத்தப் பாக்கிறியள்."

பழைய பதிவு ஒன்றைப் போனில் போட்டான். என் குரல்தான். மரம் எத்தனை, காற்று எந்தப் பக்கம், சிகரெட் என்ன மார்க், எல்லாம் பிசகாமல். கண்ட ஆள் வேறு யாராவது சொன்னால்தான் மாற்றலாம் என்றான். ஸ்ரீபன் செத்துப்போனான். ஜான்-பியேர் தன் தீவுக்குத் திரும்பி, அங்கேயே செத்துப்போனான்.

மே 20

அருளையா அண்ணையை அடக்கம் செய்த அன்று அவருடைய மனுசி குழியடியில் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று.

"இனியும் சொல்லமாட்டியோ, தம்பி?"

மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன். அவ ஜேர்மனிக்கு, மகளிடம் போய்விட்டதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். போன வருடம் பக்கத்து ஊர் பகேரியாவுக்குப் போகிற ரயிலில் கண்டேன். அங்கேதான் இருக்கிறா போல, காய்கறிப் பையோடு இருந்தா. நான் அடுத்த ஸ்ரேசனிலேயே இறங்கிவிட்டேன். பிறகு கேட்டறிந்தேன், கோவிலுக்குப் பின்தெருவாம். அவ வாய் திறந்தால் சந்தேகத்துக்கு இடமிராது. றெபேக்காவுக்கும் தெரியவரும், தன் தாத்தா யார் என்று. சுஜீவன் நம்பாததே நல்லது என்று ஒரு பொழுது நினைத்தேன். இன்றைக்கும் நினைத்தேன்.

மே 25, ஞாயிறு

நடை முடிந்து குழாயடியில் நின்றோம். வரைபடம் நாளைக்கு அச்சுக்குப் போகிறது என்றான் சுஜீவன். றெபேக்காவும் பக்கத்தில். அவளை அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். அனுப்பவில்லை.

கண்ட ஆள் ஒன்று இருக்கிறது என்றேன். ஒருவரும் இல்லை என்று முதலில் சொன்னது பொய் என்றேன். நெருப்பு வைக்காதே என்று அன்றைக்கு என்னைத் தடுத்ததும் அவதான். பகேரியாவில், கோவிலுக்குப் பின்தெருவில்.

"பேரைச் சொல்லுங்கோ அப்பு."

பென்சிலை எடுத்துவிட்டான். றெபேக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். கனகேஸ்வரி.