எந்த இயர்போன் வாங்குவது, அத்தை?

பிரியமுள்ள அத்தைக்கு,

அடுத்த மாதம் உங்களுக்கு முதல் திதி. உங்கள் மகன் ஐயருக்குச் சொல்லிவிட்டார். படத்துக்கு எந்த போட்டோவை வைப்பது என்று உங்கள் தங்கைகள் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. ஓர் இயர்போன் வாங்கினேன். ஒன்று இல்லை, இரண்டு. அதைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நம் பாப்பா தாராவுக்கு இரண்டரை வயது தாண்டிவிட்டது. நீங்கள் போனதிலிருந்து நான் வேலைக்கு உட்காரவில்லை. போன மாதம் சிவாஜி நகர் ஆபீசிலிருந்து போன் வந்தது. வீட்டிலிருந்தே செய்ய ஓர் இடம் இருக்கிறது, ஒரு மாதம் செய்து காட்டு, சரியாக இருந்தால் உனக்குத்தான், இல்லையென்றால் வேறு பெண் காத்திருக்கிறாள் என்றார்கள். படித்த படிப்புக்கு என்று எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வேலை ஒன்றுதான். விடக்கூடாது என்று உடனே சரி சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் தாராவை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு முணுமுணுவென்று பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் செய்ய வேண்டும். ஒருவர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார், இன்னொருவர் கார் ஓட்டிக்கொண்டே. காதில் விழாத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். கோடு அதிகமானால் வேலை போய்விடும். அதனால் காதில் மாட்டுவது நல்லதாக இருந்தாக வேண்டும். முன்பு கம்பெனி கொடுத்த பெரிய ஹெட்போன் இப்போது கிடையாதாம். அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியதும் எனக்கு வேண்டாம். அதற்குள் காது வியர்த்துச் சொறி வந்து நீங்கள் மஞ்சள் பூசிவிட்டது மறந்திருக்காது. காதுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் சின்னது வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

நீங்கள் இருந்தவரைக்கும் காதில் எதை மாட்டினாலும் கவலை இல்லை. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொட்டுக் கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடுகிறது என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து நீங்கள் லைட்டை அணைத்துப் போடுவீர்கள். ஒருமுறை அணைந்தால் பாப்பா, இரண்டு முறை என்றால் போன், மூன்று முறை என்றால் சோறு ஆறுகிறது. இப்போது யார் வந்து லைட்டை அணைப்பார்கள்? பூனாவில் கரண்டுதான் தானாகப் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் புத்வார் பேட் போனோம். அந்தச் சந்தில் ரேடியோ சாமான், வயர், பேட்டரி என்று கடை கடையாக இருக்குமே, அங்கேதான். கடைக்காரர் ஒரு நடுவயதுக்காரர். காதுக்குள் போட்டுப் பார்த்தால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் பையிலிருந்து பஞ்சும், உங்கள் இன்சுலின் ஊசிக்கு வாங்கி வைத்த ஸ்பிரிட் பாட்டிலும் எடுத்து கவுண்டர் மேல் வைத்தேன். ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுக் காதில் வைக்கிறேன், எடுத்ததும் துடைத்துத் தருகிறேன் என்றேன். பாட்டிலைப் பார்த்து நான் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார் போல. அதற்குப் பிறகு மரியாதை கூடிவிட்டது.

அவர் முதலில் தந்ததில் ஓர் இந்திப் பாட்டைப் போட்டு, பாஸ் எப்படி அதிர்கிறது பாருங்கள் பாபி என்று அண்ணி முறை வைத்துப் பெருமையாகக் கேட்டார். மண்டைக்குள் யாரோ தண்டோரா போட்டதுபோல் இருந்தது. நான் என்னிடமிருந்த எம்பி3 பிளேயரில் செருகி, பயிற்சிக்காகத் தந்திருந்த டாக்டர் குரலைக் கேட்டுப் பார்த்தேன். பாட்டுக்கு அது சரியாக இருக்கலாம், பேச்சுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. எனக்குத் தாளம் வேண்டாம், பேச்சு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டாவதில் குரல் பரவாயில்லை. ஆனால் வயர் புடவைத் தலைப்பில் உரசும்போதெல்லாம் காதுக்குள் கரகரவென்றது. நாள் முழுக்க அசையாமல் உட்கார முடியுமா? மூன்றாவது காதுக்குள் நிற்கவே இல்லை. கீழே குனிந்தால் விழுந்தது. காதில் வைக்கும் ரப்பரில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு தருகிறார்கள். எனக்கு வலது காதுக்கு நடுத்தரம் பொருந்தியது, இடது காதுக்குச் சின்னதுதான் சரி. இத்தனை வயது வரை என் இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இரண்டு மிச்சம் நின்றன. ஒன்று ரப்பர் வைத்துக் காதை அடைப்பது. பொருத்தியதும் சந்தில் ஓடிய ஸ்கூட்டர் எல்லாம் யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றுவிட்டன. டாக்டரின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது, அவர் பேப்பர் புரட்டுவதுகூடக் கேட்டது. இன்னொன்று காது வாசலில் சும்மா தொற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக். குரல் கொஞ்சம் தூரத்தில் இருக்கும், வெளிச் சத்தமும் உள்ளே வரும். நல்லது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை மாட்டினால் தாரா அழுவது கேட்குமா?

அதையும் பார்த்துவிடலாம் என்று உங்கள் மகனிடம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் கரும்பு ஜூஸ் கடை அருகே போய் நின்று அழவையுங்கள் என்றேன். அவர் போய் அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கினார். அவள் இன்னொரு பிஸ்கட்டையும் எடுத்து அவர் வாயில் வைத்தாள். வீட்டில் சீப்பைக் காட்டினாலே அழுகிற பெண், அன்றைக்கு சந்து முழுவதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர்கூட அவளை அழவைக்க முறைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் உங்கள் மகனே நடுச்சந்தில் நின்று "ம்ம்மா" என்று குழந்தைபோல் அழுது காட்டினார். ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உங்கள் பிள்ளைக்கு இந்த வெட்கமின்மை யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளாஸ்டிக்கில் அவர் அழுதது கேட்டது. ரப்பரை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அவர் வாய் திறந்து மூடியது, முகம் கோணியது, பக்கத்தில் தாரா கையை ஆட்டினாள். சத்தம் மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பதுபோல் இருந்தது, அத்தை. உடனே கழற்றிவிட்டேன்.

"ரெண்டையும் எடுத்துக்கோயேன், க்யா ஃபரக் பட்தா ஹை, என்ன ஆயிடப்போகுது?" என்றார் உங்கள் மகன். நான் பிளாஸ்டிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் அதை வைத்து வேலை செய்தேன். எல்லாம் கேட்டது. தாராவின் சிணுங்கல், குக்கர் விசில், மேல் வீட்டுத் தண்ணீர்க் குழாய், தாபோடி ரயில்வே கேட்டில் கூவும் ரயில். டாக்டர் மட்டும்தான் கேட்கவில்லை. ஒரு பத்தி டைப் செய்வதற்குள் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். போனால் அவள் பாட்டுக்குச் செருப்பை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பிப்பாள். வாரக் கடைசியில் ஆபீசிலிருந்து மேற்பார்வை செய்யும் பெண் போன் செய்தாள். கோபமாகப் பேசவில்லை. "உடம்பு சரியில்லையா சுமதி, முன்னெல்லாம் இப்படிக் கோடு போட மாட்டீங்களே" என்று கேட்டாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கீழ் வீட்டு மராத்தி அம்மாள், நம் காக்கு, உங்கள் காரியத்தன்றே என்னிடம், குழந்தையை என்னிடம் விடு என்று சொல்லியிருந்தார். நான்தான் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் அடுப்பு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது, பால்கனிக் கம்பிக்கு இடைவெளி அதிகம், வருபவர் போகிறவர் அதிகம். என் மனதுக்குக் காரணமா கிடைக்காது? அந்தப் போனுக்குப் பிறகு வேறு வழியில்லை. மறுபடி புத்வார் பேட் போய் ரப்பர் வைத்ததை வாங்கி வந்தோம். மறுநாள் காலை தாராவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வாசலிலேயே அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். காக்கு பிரித்து எடுத்துக்கொண்டார். நான் மேலே வந்து, வலது காதில் நடுத்தரம், இடது காதில் சின்னது என்று பொருத்தினேன். வீடு அப்படியே நின்றுபோனது. என் மூச்சும் எச்சில் விழுங்குவதும் மட்டும் கேட்டன. பதிவை ஓடவிடும் கால் பெடலை மிதித்ததும் டாக்டர் பேசினார். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு தெளிவாக. ஒரு கோடுகூடப் போடவில்லை. நடுவில் இரண்டு முறை கழற்றி ஜன்னல் பக்கம் போய் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மதியம் கீழே போனபோது தாராவைக் காணோம். தாரா, தாரா என்று கூப்பிட்டேன். காக்கு கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். அங்கே எவர்சில்வர் டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயைச் சுற்றிப் பருப்புச் சோறு. ரொம்ப அழுதாளா என்று கேட்டேன். நன்றாக அழுதாள், பிறகு நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள் என்றார் காக்கு. எப்படி அங்கே போகத் தெரிந்தது அவளுக்கு என்று கேட்டேன். எதையும் நினைத்துக் கேட்கவில்லை, சும்மா கேட்டேன்.

காக்கு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மராத்தியில் மெதுவாகச் சொன்னார். "உன் மாமியார் தினமும் இவளைக் கூட்டிக்கொண்டு வருவார். நீ வேலைக்கு உட்கார்ந்ததும் வருவார், நீ எழுவதற்குள் போய்விடுவார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். கேட்டால் நீ வேலையையே விட்டுவிடுவாய் என்றார்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அத்தை. மறைக்கவில்லை. அத்தனை மாதம் நான் டைப் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து அறையில் யாருமே இல்லையா? நான் பூட்டாத ஒரு காலி வீட்டில் தனியாகவா உட்கார்ந்திருந்தேன்? லைட்டை அணைத்துப் போட்டது மாடி ஏறி வந்த மூச்சோடா?

தாராவைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை மத்தியானம் சோறே தொடமாட்டேன் என்கிறதே என்று அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேனே, நினைவிருக்கிறதா? டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். நீங்களும் கூடத்தான் வந்தீர்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்குப் பசி எடுக்கல போல இருக்குமே, வேற இன்னா?" என்றீர்கள். காக்குவின் பருப்புச் சோறு அதன் வயிற்றில் நிரம்பி இருக்கும்போது பசி எங்கிருந்து எடுக்கும்? படியில் உட்கார்ந்தபடி சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்துத் தாராவும் சிரித்தாள்.

கேட்க எவ்வளவோ இருக்கிறது. அங்கே காலையெல்லாம் என்ன பேசினீர்கள்? உங்கள் மராத்தியும் காக்குவின் இந்தியும் எங்கே சந்தித்துக்கொண்டன? என்னைப் பற்றிப் பேசினீர்களா? பேசியிருப்பீர்கள். நல்லதாகத்தானா? காக்குவிடம் கேட்டால் சொல்வார். ஆனால் உங்கள் வாயால் கேட்க வேண்டியது அது. நீங்கள் சொல்லாமல் வைத்துக்கொண்ட விஷயம் இந்த வீட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். மற்றதையெல்லாம் தெருவுக்கே சொல்லிவிடுவீர்களே.

ஒரு மாதம் முடிந்துவிட்டது. வேலை எனக்கே என்று சொல்லிவிட்டார்கள். இடது காது மட்டும் சாயங்காலம் கொஞ்சம் வலிக்கிறது. ரப்பரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி காலையில் தாராவைக் கீழே விட்டுவிட்டு வந்து காதை அடைத்துக்கொண்டால், வேலை முடியும்வரை கழற்ற மாட்டேன். ஜன்னலுக்கும் போகமாட்டேன். என்ன செய்தாள், எவ்வளவு நேரம் அழுதாள் என்று காக்குவைக் குடையமாட்டேன். மத்தியானம் அவள் தட்டைத் தள்ளிவிட்டால், சரி என்று அந்தச் சோற்றையும் நானே சாப்பிட்டுவிடுவேன்.

நீங்கள் ஏமாற்றி வேலைக்கு அனுப்பிய
உங்கள் மருமகள்,
சுமதி