பால்மா டின்னும் ரோஸ் நிறத் தலையும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளும் அவளுடைய கூட்டாளியும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க உள்ளேயே இருந்தார்கள். நான் அடுப்படியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்த வாசத்தையும் மீறிக்கொண்டு கதவுக்குக் கீழால் ஒரு வாடை வந்தது. மூக்கைக் குத்தி, கண்ணில் நீர் வரவைக்கிற வாடை. பிளீச். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் தலையில் துவாயோடு வெளியே வந்து, "என்னம்மா, ஏசப் போறீங்களா?" என்றாள். துவாயை எடுத்தால் பாதிக் கூந்தல் கடல்நீலம். "காதுக்குப் பின்னால சரியா புடிக்கல, பாரு" என்று மட்டும் சொன்னேன். திகைத்துப் போய்விட்டாள். உன்னை அவளுக்குத் தெரியும். நீயும் நானும் பட்டதெல்லாம் தெரியாது.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. இருந்தவரைக்கும் உன்னை நான் "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். நீ என்னை "நீர்" என்பாய். எங்கள் நாவலப்பிட்டிப் பக்கம் அப்படி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. முதல் கிழமை, இந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு என்மேல் என்ன கோபம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது போன பிறகு உன்னோடு என்ன மரியாதை வேண்டியிருக்கிறது? "நீ" என்றே எழுதுகிறேன். கோபமென்றால் வந்து சொல்லு.

கண்டி டவுனில் அந்தப் போட்டோ ஸ்டூடியோவில் நான் முன்னால் கவுண்டரில் நின்றேன். நீ பின்னறையில் விளக்குக்கு முன்னால் குனிந்து, மெல்லிய தூரிகையால் ஊரார் முகத்துத் தழும்பையெல்லாம் நெகட்டிவில் மறைத்துக்கொண்டிருப்பாய். அம்பிட்டிய ரோட்டில் ஒரே அறையும் குளியலறையும் உள்ள அனெக்ஸில் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்தோம். கனடாவிலிருந்த உன் சின்னம்மா, ஊருக்கு வருகிற யாரிடமாவது சாக்லேட்டோடு அந்தச் சின்னச் சின்னப் போத்தல்களையும் கொடுத்தனுப்புவார். கூழ் மாதிரி கட்டியான சாயம். ரோஸ், ஊதா, கிளிப்பச்சை. நாலைந்து கிழமை குளிக்கக் குளிக்கத் தானாகவே கழுவுப்பட்டுப் போய்விடும்.

முதல் தடவை நீ செய்த கூத்தை மறந்திருக்க மாட்டாய். தலையை முதலில் வெளுக்க வேண்டும் என்று போத்தலில் இங்கிலிஷில் எழுதியிருந்தது. "அது சும்மா எழுதிறது" என்றுவிட்டு, கன்னங்கரேலென்ற தலையில் ஒரு போத்தல் ரோஸை அப்படியே அப்பினாய். கழுவிப் பார்த்தால் தலை போட்டதற்கு முன்னால் இருந்த மாதிரியே கறுப்பு. அடுத்த நாள் வாவிக் கரையில் நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. உன் வெள்ளைச் சட்டையின் கழுத்தெல்லாம் ரோஸ் ஆறாக ஓடியது. எதிரே வந்த ஒரு மனுஷி இரத்தம் என்று நினைத்துக் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து உன்னைத் தாங்கிப் பிடித்தார். நீ அவருடைய தோளில் சாய்ந்து சிரித்தாய். நான் வெட்கத்தில் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பிளீச் வந்தது. பார்மசியில் பெரிய போத்தலிலிருந்து ஊற்றிக் கொடுக்கிற பெராக்சைட், சலூன் சாமான் விற்கிற கடையில் வெளிர்நீலப் பொடி. காதிலும் நெற்றியிலும் சாயம் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய். பழைய பல் துலக்கும் தூரிகை. தலைக்கு மேல் சொப்பிங் பேக்கைக் கட்டிக்கொண்டு நீ அனெக்ஸ் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற அழகைப் பார்க்கவே அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மதிலில் ஏறுவார்கள். வெளுத்த தலையில் சாயத்தை அப்படியே போட்டால் கண்ணைப் பறிக்கும் ரோஸ். வெள்ளைக் கண்டிஷனரில் கலந்து போட்டால் பூவரசம்பூ வாடுகிற நேரத்து நிறம். சுடுதண்ணி பட்டால் சாயம் சீக்கிரம் போய்விடுமென்று, மார்கழிக் குளிரிலும் நீ பச்சைத் தண்ணியில்தான் குளிப்பாய். உள்ளேயிருந்து வருகிற அலறலைக் கேட்டு வீட்டுக்கார நோனா முதல் நாள் ஓடி வந்தார். பிறகு பழகிவிட்டார்.

முதலாளி மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒங்கட தலய ஒங்கட இஷ்டத்துக்கு என்ன சரி செஞ்சிக்கோங்க புள்ள. கஸ்டமருக்கு முன்னுக்கு மட்டும் வராதீங்க" என்றார். நீ சரியென்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கே ஒரு கல்யாணச் சோடிக்கு முன்னால் வந்து நின்றாய். பொம்பிளைக்கு உன்னைக் கண்டு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு படம் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ்ப் பெண்கள் யாருடைய கண்ணிலும் படாமல் சுவரோரமாக நடந்து பழகியிருந்த காலம் அது. அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தவுடனேயே செக்பொயின்டில் கேள்வி ஆரம்பமாகும். நீயோ தூரத்திலேயே தெரிகிற தலையோடு போய் நிற்பாய். ஆமிக்காரர்கள் உன் தலையைப் பார்த்துச் சிரித்து, அட்டையைப் பாதி பார்த்துத் திருப்பித் தருவார்கள். இது நல்ல தந்திரம் என்று ஒரு நாள் உன்னிடமே சொன்னேன். "ஆமிக்காரனுக்காகவோ நான் தலைக்குச் சாயம் போடுறன்? விசர்க்கதை கதையாதையும்" என்று சீறிவிழுந்தாய்.

பொடிப் பக்கெட் கண்டி ஈரத்தில் கட்டிபட்டுப் போகிறதென்று, அதை நீ ஒரு வெற்றுப் பால்மா டின்னில் கொட்டி இறுக்கி மூடிவைத்தாய். பக்கெட்டை எறிந்துவிட்டாய். நல்ல யோசனை என்று நானும் மெச்சினேன். பெராக்சைட் போத்தலில் பார்மசிக்காரர் ஒட்டிய துண்டு எப்போதோ நனைந்து உரிந்து போயிருந்தது. எங்கேயோ குண்டு வெடித்திருந்த கிழமை, போயா என்கிற பௌர்ணமி லீவு நாளில், எங்கள் ரோட்டில் ரவுண்டப், ஆமி வீடு வீடாகச் சோதனை. நாங்கள் குளித்து, பொட்டு வைத்து, காலைச் சாப்பாட்டுக்குப் போகிற நேரம் உள்ளே வந்தார்கள். அலுமாரியின் கீழ்த்தட்டில் பெயரில்லாத போத்தல். பக்கத்தில் பால்மா டின். திறந்தால் பால்மா இல்லை, நெடியடிக்கிற நீலப் பொடி. மோந்து பார்த்த ஆமிக்காரன் பின்னால் துள்ளினான். பிறகு எங்கள் அடையாள அட்டைகளைக் கேட்டான்.

சாமான்களோடு எங்களையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் ஒரு வண்டி கொழும்புக்குப் போகிறது, பொடியும் போத்தலும் நீங்களும் அதில் போவீர்கள், அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்றார். அங்கே என்றால் என்னவென்று நம் இருவருக்கும் தெரியும். அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர் வருடக்கணக்காகத் திரும்பவில்லை. எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு ஒரு வசனம் ஒழுங்காக வரவில்லை.

நீதான் என் கையைப் பிடித்தாய். "இது தலைமயிர் வெளுக்கிற சாமான். இந்த இடத்திலையே செய்து காட்டுறன் எண்டு சொல்லும்."

சொன்னேன். இன்ஸ்பெக்டர் உன் தலையைக் காட்டி, அதுதான் ஏற்கெனவே வெளுத்துக் கிடக்கிறதே, இனி எதை வெளுக்கப் போகிறாள் என்று கேட்டார். கேட்டது நியாயம். நீ அதற்கு முன்னால் எத்தனை தடவை என்னிடம் ஒரு கற்றையாவது தாரும் என்று கேட்டிருப்பாய்! "எங்கம்மா நாவலப்பிட்டியிலருந்து நடந்தே வந்து செருப்பால அடிப்பாங்க" என்று ஒவ்வொரு தடவையும் தப்பித்துக்கொண்டவள் நான். அன்றைக்குப் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு, "என் முடியில செய்யட்டும் சேர்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததென்று தெரியவில்லை.

தேத்தண்ணிக் கோப்பையின் தட்டு ஒன்றும் கரண்டியும் கேட்டாய். சுற்றிவைக்க ஏதாவது வேண்டுமென்று சுற்றுமுற்றும் பார்த்து, இன்ஸ்பெக்டரின் மேசையிலிருந்த சிகரெட் பெட்டியைக் காட்டினாய். அவர் உள்ளேயிருந்த வெள்ளித்தாளை உருவிக் கொடுத்தார். காதுக்குப் பின்னால் ஒரு கற்றையைப் பிரித்து, தட்டில் குழைத்ததைப் பூசி, தாளில் மடித்தாய். பிறகு எல்லோரும் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாய். கறுப்பு. மறுபடி மடித்தாய். மறுபடி திறந்தாய். அப்போதும் கறுப்பு. டின் எத்தனை தடவை திறபட்டதோ, பொடி ஈரம் பிடித்துச் செத்துப் போயிருக்குமோ என்று டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. "புடிக்கலயா?" என்று கேட்டேன். "பேசாமல் இரும். குளிருக்குச் சுணங்குது" என்றாய். வெள்ளித்தாளை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திப் பிடித்து, வாயால் சூடு ஊதினாய். உன் நெற்றியில் வேர்வை கோத்து நின்றது, கை மட்டும் அசையவில்லை.

மூன்றாவது தடவை திறந்தபோது கற்றை துருப்பிடித்த நிறம். பிறகு செம்மஞ்சள். "தெம்பிலி பாட்டய்!" என்று ஒரு கான்ஸ்டபிள் சிங்களத்தில் கத்தினான், செவ்விளநீர் நிறமாம். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி கிட்ட வந்து, எரிகிறதா என்று மெதுவாகக் கேட்டாள். இன்ஸ்பெக்டர் கற்றையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், மூடியைத் தானே மூடினார். "போங்க. அதில ஒரு பேர எழுதி ஒட்டுங்க" என்றார்.

என் கால்கள் வாசலுக்குத் திரும்பிவிட்டன. நீ எழும்பவில்லை.

"இடையிலை விட்டால் இவவின்ர தலைமயிர் கருகி உதிர்ந்துபோம். இன்னும் வெளுத்து, கழுவி, நிறம் போட்டுத்தான் போவம் எண்டு சொல்லும்."

"உங்களுக்குப் பைத்தியமா? வாங்க போவோம்" என்றேன்.

"சொல்லும்."

சொன்னேன். இன்ஸ்பெக்டர் உன்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, ஒரு வாளி தண்ணி கொண்டுவரச் சொன்னார். எங்களைக் கொழும்புக்கு அனுப்பவிருந்த அதே முற்றத்தில், என் கற்றை வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை பார்த்திருந்து கழுவினாய். மற்றச் சாமான்களோடு அள்ளி வந்திருந்த ரோஸ் போத்தலைத் திருப்பிக் கேட்டு வாங்கி, நிதானமாகப் பூசினாய். வேலையில் உன்னைமாதிரி ஒரு பிடிவாதக்காரியை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. பயம் உனக்கும் இருந்தது, நான் கண்டேன். ஆனாலும் தொட்ட வேலையைக் குறையில் விட உனக்கு மனம் வரவில்லை.

திரும்பி நடக்கும்போது, ஏன் இந்த வம்பெல்லாம், கறுப்பு முடியோடு இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ நடந்துகொண்டே சொன்னாய்.

"எண்பத்து மூண்டு கலவரத்திலை நாங்கள் இஞ்ச கண்டியிலைதான். அப்பாவுக்கு அரசாங்கக் கச்சேரியிலை வேலை. ஆக்கள் ரோட்டாலை கத்திக்கொண்டு வரேக்கை அம்மா என்ர ரெட்டைப் பின்னலை அவிட்டு, பொட்டை எச்சில் தொட்டு அழிச்சு, ஆரோ சிங்களப் பிள்ளை மாதிரிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினவா. தப்பினன். அம்மாவிலை பிழையில்லை. ஆனால் அதுக்குப் பிறகு என்ர தலை எப்பிடி இருக்கவேணும் எண்டு நான்தான் சொல்லுவன்."

 

வாவிக்கு மேலே ஏறுகிற முடக்கில் செக்பொயின்ட். அந்த நாட்களில் நம் பெண்கள் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, யாரும் சொல்லாமலே, பொட்டை விரலால் துடைத்துவிடுவார்கள். நானும் தினமும் அப்படித்தான். அன்றைக்கும் வழக்கம்போல என் கை மேலே போனது. நீ பார்த்தாய். முன்னால் நடந்துவிட்டாய். ஆமிக்காரன் உன் தலையைப் பார்த்து வழக்கமான சிரிப்பைச் சிரித்தான். உன்னை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். என் காதுக்குப் பின்னால் ஈரம் காயாத ரோஸ். பொட்டைத் துடைக்காமலே கையைக் கீழே இறக்கினேன். அடையாள அட்டையை நீட்டினேன். அவன் பெயரைப் படித்தான், பொட்டைப் பார்த்தான், ரோஸைப் பார்த்தான். கேள்விகள் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். போகச் சொன்னான்.

நீ அப்பால் நின்று காத்துக்கொண்டிருந்தாய். "வாரும், பசிக்குது" என்றாய்.

அந்தக் கற்றை ஒரு மாதத்தில் வெளிறி, வளர்ந்து, வெட்டுப்பட்டுப் போய்விட்டது. அம்மா செருப்பெடுக்கவில்லை, பார்த்து அழுதார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் சண்டை நடந்தது. எத்தனையோ செக்பொயின்டில் நின்றேன். உன்னை மாதிரித் தலைக்கு நிறம் போட எனக்குத் துணிவு வரவில்லை, அது உனக்கே உரியது. ஆனால் அன்றிலிருந்து என் கை நெற்றிக்குப் போனதெல்லாம் பொட்டு வைப்பதற்கு மட்டும்தான்.