இடது காதில் நான்கு ஊசி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இதை உட்கார்ந்துகொண்டு படி.

போன மாதம் ஒருநாள் காலையில் எழுந்தால் இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. தண்ணீர் புகுந்திருக்கும் என்று விட்டிருப்பேன். சலவைக்கூடத்தில் என்னோடு இஸ்திரி போடும் அக்காதான், "காது விஷயத்துல நாளைக் கடத்தாதே, வா" என்று அன்றே டாக்டரிடம் இழுத்துப் போனார். தண்ணீர் இல்லை, காது நரம்பு திடீரென்று பாதித்திருக்கிறது என்றார்கள். மரத்துப்போக மருந்து வைத்து, செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வாரத்துக்கு ஒன்றாக நான்கு. வலியெல்லாம் எறும்புக்கடிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுத்து, பேசாமல், எச்சில்கூட விழுங்காமல் இருக்க வேண்டும். நானாம்மா அப்படி இருந்தேன்! "ஊசியைவிட இதுதான் அதிசயம்" என்று அக்கா சிரித்தார்.

நேற்றுப் பரிசோதித்தார்கள். கேட்கும் சக்தி முக்கால்வாசி திரும்பிவிட்டதம்மா!

உன் பழைய சேலையில் ஒரு தலையணை உறை தைத்து அனுப்பு. இங்குள்ளது வழுக்குகிறது.

நீ போனில் கத்தும்போதெல்லாம் "மெதுவாப் பேசும்மா" என்பேனே, ஒரு மாதமாகச் சொல்லவில்லை, கவனித்தாயா? ஒற்றைக் காதோடு இருந்தபோது உன் கத்தல்தான் தைரியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனை இடது காதில்தான் வைப்பேன். மறைத்ததற்கு உன் முழுக்குரலில் திட்டு. "மெதுவாப் பேசும்மா" என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

வேலைக்கு ஓடும் அவசரத்தில்,
உன் வாயாடி மகள்