சின்னுவும் இனிப்பு மாத்திரையும்

ஜூன் 9, திங்கள்

புழுக்கம். மாதவரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. லாரிப் புழுதி மொத்தமும் என் முந்தானையில்.

ஆய்வுக்கூடத்தில் எலிக்குட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். ஒரு கூண்டுக்கு வெறும் தண்ணீர். இன்னொன்றுக்குச் செயற்கை இனிப்பு கலந்தது. வளரும் எலும்பை அது என்ன செய்கிறது என்று மேடம் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலில் டீயோடு. மீன்பிடித் தடைக்காலம், போட்டு கரையில், மனுஷன் வீட்டில். சுகர் இருப்பதால் டீயில் இனிப்பு மாத்திரை. ஒன்று போதும் என்றால் நாலு போடுவார். டம்ளரின் மிச்சத்தை நக்கிக்கொண்டிருக்கிறது சின்னு. தாய் ஆடு லாரியில் அடிபட்டதிலிருந்து புட்டிப்பாலில் வளரும் குட்டி.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"டெய்லி தான். இன்னா இப்போ?"

எலிகளுக்குக் கலக்கும் அதே இனிப்பு! டம்ளரைப் பிடுங்கினேன்.

வாங்க: பால், தவிடு, சோப்பு.

ஜூன் 11, புதன்

எலிகளுக்கு எக்ஸ்ரே. பாவம், எவ்வளவு சின்னக் கால்கள். இனிப்புக் கூண்டு எப்படி என்று கேட்டேன். "இப்போ எதுவும் சொல்ல முடியாதும்மா, பொறுங்க" என்றார் மேடம். அவர் பொறுக்கலாம். அவர் வீட்டில் சின்னு இல்லையே.

சாயங்காலம் இஞ்சு டேப்பால் சின்னுவின் காலை அளந்தேன். டேப்பைத் தின்னப் பார்த்தது. முன்னங்கால் லேசாக வளைந்த மாதிரி. என் பயமாகவும் இருக்கலாம்.

"யோவ், இனிமே அத்துக்கு டீ குடுக்காத. காலு வளராம பூடப் போவுது."

"எலிக்கு வந்தா ஆட்டுக்கும் வருமா?"

"தெரியாது. அதான் பயமா கீது."

"சும்மா பேஜாரு பண்ணாத" என்று எழுந்து போய்விட்டார்.

ஜூன் 12, வியாழன்

இன்று இவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து டீ. சின்னு முதுகில் முட்டிக்கொண்டே இருந்தது. திரும்பவேயில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது, இரண்டையும்.

ஜூன் 13, வெள்ளி

மழை வருவது போல வந்து ஏமாற்றியது. இன்று டம்ளரைத் தரையில் வைத்தார். கத்த வாயெடுத்தேன். சின்னு மோந்து பார்த்தது, தும்மியது, போய்விட்டது. ஆச்சரியம். இவர் முகம் மட்டும் விழுந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

தடை முடிந்தது. விடிகாலையில் காசிமேட்டுக்குக் கிளம்பினார். சின்னுவின் காலைத் தடவி, "நா வர்றதுக்குள்ள வளந்துடணும், இன்னா?" என்றார். என்னிடம், "கதவ சாத்திக்கோ." அவ்வளவுதான்.

அவசரத்தில் பாதி டீயை வைத்துவிட்டுப் போயிருந்தார். வீணாக்குவானேன் என்று ஒரு வாய் குடித்தேன். வெறும் கசப்பு. ஒரு மாத்திரைகூட இல்லை.

வெள்ளிக்கிழமை சின்னு ஏன் தும்மியது என்று இப்போதுதான் புரிகிறது.

நாலை ஒன்றாக்கு என்று வருஷக்கணக்காக நான் அழுதேன், டாக்டர் அழுதார். ஒரு ஆட்டுக்குட்டி சாதித்துவிட்டது. பொறாமையாக இருக்கிறது. அதைவிட, அந்த மனுஷன் மேல் ஆசையாக இருக்கிறது.

மிச்ச டீயையும் நானே குடித்தேன். கண்றாவி.