மாத்தி வைத்த தட்டு

நேற்று உன் தங்கை வந்திருந்தாள். மட்டாஞ்சேரி வீட்டு அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம், நம் ஆய்வுக்கூட நோட்டு. திறந்ததும் போர்பைரின் சிந்திய ஊதாக் கறை. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இந்தக் கறைக்கு இருபது வயது தாண்டிவிட்டது. வெளிச்சம் பட்டால் போர்பைரின் வெளுத்துவிடும். மூடிய நோட்டுக்குள் கிடந்ததால் அன்று சிந்தியதுபோலவே இருந்தது. ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் அடுத்த பக்கம் திருப்பினேன்.

ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றுதான் போர்பைரினை உன் அம்மாவுக்கு அறிமுகப்படுத்தினாய். அதன் முதுகில் மரபணுவை ஏற்றி உயிரணுவுக்குள் அனுப்புவது நம் வேலை. அதைக் காய்ச்சும் அமிலத்தின் புளித்த வாடை துணியை விட்டுப் போகாது. எர்ணாகுளத்திலிருந்து திரும்பும் மாலைப் படகில் நமக்கென்று ஒரு பெஞ்சு முழுசாகக் கிடைக்கும். ஒருநாள் மீன்கூடையோடு வந்த சேச்சியே மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார். “எடீ, மீங்காரச் சேச்சியே ஓடுற மணம்டீ நம்மளது!” என்று நீ பெருமைப்பட்டாய். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் ஊறிய உங்கள் வீட்டுத் தமிழில் நாற்றமும் மணம்தான். மதுரையிலிருந்து வந்த எனக்கு அது பழக நாளாயிற்று. பழகியது போதாது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் வந்து சேருவதற்கு முன்பிருந்தே உன் சோதனைகள் தோற்றுக்கொண்டிருந்தன. மரபணு போய்ச் சேர்ந்தால் உயிரணு பச்சையாக ஒளிர வேண்டும். நுண்ணோக்கியில் எப்போதும் இருட்டுதான். உள்ளே வந்த சரக்கை உயிரணு ஒரு சின்னப் பைக்குள் போட்டு முடிந்து வைத்துக்கொண்டது, வெளியே விடவில்லை. உன் ஆய்வுக்காலம் முடிய இரண்டு மாதம். மிச்சமிருந்த போர்பைரின் ஒரே ஒரு சோதனைக்குத்தான் காணும்.

அன்று மேசையில் இரண்டு தட்டுகள். மரபணு ஏற்றிய தட்டு, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றியிருந்தது. மரபணு இல்லாமல் போர்பைரின் மட்டும் போட்ட மற்றொன்று, வெளிச்சத்தில் உயிரணு சாகிறதா என்று பார்க்க விளக்கின் கீழே காத்திருந்தது. வீட்டிலிருந்து உனக்குப் போன் வந்தது. ஓடும்போதே சொன்னாய்: “ரெண்டையும் ஒண்ணு மாத்தி வைடீ, இப்ப வர்றேன்.”

மாத்தி வைத்தேன். தாளைப் பிரித்து அதை இதன் இடத்தில், அதே தாளைச் சுற்றி இதை அதன் இடத்தில். உனக்கு உதவியாக இருக்கட்டுமென்று விளக்கையும் போட்டுவிட்டேன்!

திரும்பி வந்த நீ கத்தவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாய். “எடீ, மாத்தி வைன்னா எடுத்து ஒரு ஓரமா வைக்கணும்னுதானேடீ…” என்றாய்.

இரண்டு நாள் கழித்து, கடமைக்கு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள், “இங்க வாடீ. பச்ச!” என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். முக்கால் தட்டு செத்துக் கிடந்தது. விளக்குத் தாங்கியின் நிழல் விழுந்த ஓரத்தில் மட்டும் ஏழெட்டு உயிரணுக்கள் பச்சையாக ஒளிர்ந்தன. அதிக வெளிச்சம் போர்பைரினைத் தூண்டி உயிரணுவையே கொன்றிருந்தது. நிழலின் கொஞ்ச வெளிச்சம் பையை மட்டும் கிழித்து மரபணுவை வெளியே விட்டிருந்தது.

விளக்கின் கீழே வைத்தது யார் என்று பேராசிரியர் கேட்டார். குடுவை உடைத்ததற்கே ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. “ஞான் தன்னே சாரே, கைப்பிழ” என்று பழியை நீ உன்மேல் போட்டுக்கொண்டாய். அதையே நோட்டின் ஓரத்தில் மலையாளத்தில் எழுதியும் வைத்தாய்.

மறுபடி போர்பைரின் காய்ச்சி எடுப்பதற்குள் உன் ஆய்வுக்காலம் முடிந்தது. பட்டமில்லாமலே நீ ஏலூரில் ஒரு தொழிற்சாலைச் சோதனைக்கூடத்துக்குப் போனாய். அந்த ஏழெட்டுப் பச்சைப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு நான் முனைவரானேன். நன்றியுரையில் உனக்கு ஒரு வரி. பட்டம் வாங்கிய அன்று சாயாவும் பழம்பொரியும் நீதான் வாங்கிக் கொடுத்தாய். உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. உண்மையை எழுத்தில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். வெட்கம்கெட்டவள் நான்.

இன்று என் மாணவர்கள் யாரும் தட்டை ‘மாத்தி வை’ என்று சொல்லக்கூடாது. எங்கே வைக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்புவேன். நாளை சொல்லிவிடுகிறேன்.

நேற்று உன் வரிக்குக் கீழே தமிழில் எழுதினேன்: “கைப்பிழை என்னுடையது. பச்சை உன்னுடையது.” தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தில். பிறகு, கறை வெளுக்காமலிருக்க நோட்டை அலுமினியத் தாளில் சுற்றி, அலமாரியில் மாத்தி வைத்தேன்.

இந்த முறை உன் தமிழில்தான்டீ.