சீமெந்து பூசிய மண்சுவர்

இஞ்சாருங்கோ,

இன்று வீடு பூட்டுகிற திறப்பைத் தேடி உங்கள் குளிர்ச்சட்டைப் பைக்குள் கைவிட்டேன். பாதியில் முறிந்த அந்த ஓக் மர ஆணிதான் கையில் அகப்பட்டது. சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. யாருக்கும் எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

லண்டனின் கிழக்கு விளிம்பைத் தாண்டி, பல நூறு வருடம் பழைய குடிசை ஒன்றில் உங்களுக்குச் சுவர் பூசும் வேலை கிடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனோர் பார்க் கோயிலில் கும்பிட்ட கையோடு என்னையும் அங்கே கூட்டிப் போனீர்கள். நல்ல சீலையோடு மனைவியைச் சேற்றுக்குள் இறக்குகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

வைக்கோல் கூரை தலையில் இடித்தது. புகைபோக்கி இல்லாத காலத்துக் கரி உள்மரங்களில் இன்னும் ஒட்டியிருந்தது. தூண், உத்தரம் எல்லாமே கோணல்.

"இது விழாதோ?" என்றேன்.

"விழாது. பாரத்தை மரச்சட்டம் தாங்குது. சுவர் சும்மா இடைவெளிக்குக் கம்பு பின்னி, மண்ணும் வைக்கோலும் சாணியும் குழைச்சு அப்பினது. நீர் பயப்பிடாமல் வாரும்."

பிறகு ஒரு மூலையைக் காட்டினீர்கள். முன்பு யாரோ மண்சுவருக்கு மேல் சீமெந்து பூசியிருந்தார்கள். வெளியே பார்க்க வெள்ளை வெளேரென்று அழகு. நீங்கள் அதை உடைத்தெடுத்த இடத்தில், தொட்டதும் தூணின் அடி மாவாக உதிர்ந்தது.

"மண் நனையும், பிறகு காயும். சீமெந்து போட்டால் ஈரம் வெளியில போக ஏலாது. உள்ளுக்கை கிடந்து மரத்தை உக்க வைக்கும்" என்றீர்கள். அந்தத் தூணிலிருந்து முறிந்து விழுந்த மர ஆணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இருமினீர்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருமல்தான். கேட்டால், "தூசியப்பா, ஒண்டுமில்லை." நானும் நம்பி, காலையும் மாலையும் கொத்தமல்லி அவித்துத் தந்தேன். நீங்களும் நல்ல பிள்ளையாக மிச்சம் விடாமல் குடித்தீர்கள். இது தீராத நோய் என்று ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சொல்லி அப்போதே மாதக்கணக்காகி இருந்ததாம். நான் பயந்துவிடுவேன் என்று மறைத்தீர்களாம். ஊரார் சுவரில் சீமெந்தை உடைத்த மனிதருக்கு இது விளங்கவில்லையா? உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். உங்களோடு சேர்ந்து பயப்படக்கூட என்னை விடவில்லையே.

மகளும் உங்களைப் போலத்தான். செத்த வீட்டில் அழவில்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள். எப்போது கேட்டாலும் "ஐ ஆம் ஃபைன், அம்மா." நானும் அவளுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு திரிந்தேன்.

இன்று அவள் வேலையால் வந்தபோது ஆணி என் கையிலேயே இருந்தது.

"சாப்பிட்டீங்களோ, அம்மா?"

"இல்லைப் பிள்ளை. எனக்கு ஏலாமல் கிடக்கு. அப்பா இல்லாமல் இருக்க ஏலேல்லை."

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் காலடியில் குந்தி, மடியில் முகம் புதைத்து அழுதாள். நானும் அழுதேன். ஆணியை இப்போது கைப்பையில் வைத்திருக்கிறேன். அவளுடைய கண்ணீரை நான் துடைக்கவில்லை. தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.